கணவன் அட்டையின் வயது

கிளிநொச்சியில் என்னிடம் பயின்று, மணமுடித்து அமெரிக்கா சென்ற மாணவி ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். "சேர், நான் போய் ஓராண்டுதான், என் கடன் வரலாற்றுக்கோ 12 வயது!" என்றாள்.

கணவன் தன் கடனட்டைக் கணக்கில் அவளையும் அனுமதி பெற்ற பாவனையாளராகச் சேர்த்திருந்தான். அக்கணக்குத் தொடங்கிய நாளே அவளது அறிக்கையிலும் ஏறிவிட்டது. 'ஃபைக்கோ' மதிப்பெண்ணில் வரலாற்றின் நீளத்துக்கு ஏறத்தாழ 15 வீதம் உண்டு. தம்பதியர் இருவரும் பாவிக்கும் கணக்கை இருவர் பெயரிலும் அறிவிக்கவேண்டும் என்பது, அங்கே 1974ஆம் ஆண்டுச் சமவாய்ப்புக் கடன் சட்டத்தின்கீழ் எழுந்த விதி. (நம் நாட்டுக் கொடுகடன் தகவல் பணியகம் 1990இல்தான் சட்டமாயிற்று.)

ஆயினும் அது இரவல் வயதே. அவன் தவணை தவறினால் அக்கறை இவள் ஏட்டிலும் படியலாம். பெயரை நீக்கினால் 12 ஆண்டும் பெரும்பாலும் மறையும்.

"உன் பெயரில் அட்டை உண்டா?" என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை.