தன்னை எண்ண மறந்த சீடன்

தாம்பரத்திலிருந்து மெரினா கடற்கரைக்குச் செல்லும் நம் குடும்பத்தினர், 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அங்கு நிறுவப்பெற்ற வீரமாமுனிவர் சிலையைக் கண்டிருப்பர். தேம்பாவணி பாடிய அம்முனிவரே ‘பரமார்த்த குருவின் கதை’ என்னும் நகைச்சுவை நூலையும் எழுதினார்.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் பூசணிக்காயைக் குதிரை முட்டையென நம்புகின்றனர். ஆற்றைக் கடந்தபின், எண்ணுகிறவன் தன்னை எண்ணாமல் விட, ஒருவனை ஆறு கொண்டுபோயிற்றென்று அழுகின்றனர்.

இந்நூலைப் பற்றி வாசகர் கருத்து ஒன்றாயிருந்ததில்லை. பிற சமயக் குருமாரை இகழ எழுந்தது என்பர் சிலர். மேனாட்டுக் குருக்கள் பேச்சுத் தமிழ் பயில எழுந்த சிரிப்புக் கதையே என்பர் வேறு சிலர். ஆசிரியர் ஒருவர்தாமா என்பதும் ஒரு கேள்வி. தன்னை எண்ண மறந்தவன் கதை இங்கிலாந்தின் கோதம் ஊர்க் கதைகளிலும் உண்டு. ஆதலின், பெயரறியாப் பாமர மக்களும் இந்நூலின் கூட்டாசிரியரே எனலாம்.

பெற்றோரே, பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஆனால் அயலார் குருவைப் பழிக்க இதனைக் கையிலெடுப்போமாயின், நாமும் அந்தச் சீடனே. மூடரை எண்ணும்போது நம்மையும் சேர்த்தெண்ணுவோமாக!