‘நீர்க்கட்டி’ என்பது கட்டியே அல்ல: பிசிஓஎஸ் உள்ள பெண்கள் ஸ்கேனுக்கு முன்பே கவனிக்க வேண்டியது என்ன?

சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்தில் இருக்கிறது மாரமங்கலம் ஊராட்சி. இங்கிருந்து ஓர் இளம்பெண், ‘ஸ்கேன் எடுத்துட்டு வாங்க’ என்ற சீட்டுடன் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏற்காடு வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் சேலம். பஸ்ஸுக்குக் காத்திருப்பு, ஸ்கேனுக்குக் காத்திருப்பு, மறுபடி மலையேற்றம். காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. கம்பெனி வேலை என்றால் ஒரு நாள் லீவு போச்சு.

கடைசியில் ரிப்போர்ட்டில் ஒரு வரி: இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டிகள். உடனே வீட்டில் எழுவது இரண்டு கேள்விகள்தான். ‘ஆபரேஷன் பண்ணி எடுக்கணுமா?’ ‘குழந்தை பொறக்குமா?’

ஆனால், அந்தப் பெண்ணின் உடல்நலத்துக்கு இவற்றைவிட முக்கியமான கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பதில் தெரிந்துகொள்ள மலை இறங்கவே வேண்டியதில்லை.

கட்டி இல்லை என்றால் அது என்ன?

பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்ற பெயர்தான் முதல் குழப்பம். ஸ்கேனில் தெரிபவை வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. சினைப்பையில் கருமுட்டையைச் சுமந்திருக்கும் சின்னச் சின்னப் பைகள். வழக்கமாக, மாதம் ஒரு பை முழுதாக வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ்ஸில் பல பைகள் வளரத் தொடங்கி, பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. நின்றுபோன அந்தப் பைகளைத்தான் ‘நீர்க்கட்டி’ என்கிறோம்.

1935ஆம் ஆண்டு சிகாகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள், இந்தப் பிரச்சினை இருந்த 7 பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் கண்ணில் பட்டது சினைப்பை. அதனால் பெயரும் சினைப்பையின் மேலேயே நின்றுவிட்டது. உண்மையில் இது ஹார்மோன்களும் உடலின் சர்க்கரைக் கணக்கும் சேர்ந்த பிரச்சினை.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட, உடல் இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. எல்லாப் பெண்களின் உடலிலும் கொஞ்சம் இருக்கும் ஹார்மோன்தான் இது. அளவு கூடும்போதுதான் தொல்லை.

தாடையிலும் மேலுதட்டிலும் அடர்ந்த முடி, தலையில் முடி உதிர்வு, அடங்காத முகப்பரு எல்லாம் இதனால்தான். முட்டை வெளிவராததால் பீரியட்ஸ் தள்ளிப் போகிறது.

பல வீடுகளில் கவனிக்காமல் விடும் ஓர் அறிகுறியும் உண்டு. கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்து, தடித்துப்போவது. ‘கழுத்துல அழுக்கு, நல்லா தேய்ச்சுக் குளி’ என்று திட்டு வாங்காத பெண்கள் குறைவு. அது அழுக்கு அல்ல. பெரும்பாலும் உடலில் இன்சுலின் கூடியிருப்பதன் அடையாளம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும். நாள் முழுக்க மேடேறி வேலை செய்பவருக்கும் வரும். பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆகவே, ‘சோம்பேறித்தனத்தால வந்தது’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

எத்தனை பேருக்கு இருக்கிறது?

உலகம் முழுவதும் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 10 பேரில் ஒருவருக்காவது இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. இந்தியாவில் 18 முதல் 40 வயது வரையிலான 9,824 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. கடுமையான அளவுகோல்படி 7.2 சதவீதம் பேருக்கும், இப்போது பரவலாகப் பயன்படும் ரோட்டர்டாம் அளவுகோல்படி 19.6 சதவீதம் பேருக்கும் பிசிஓஎஸ் இருந்தது.

ஸ்கேன் கட்டாயமா?

இல்லை. 2003இல் வகுக்கப்பட்ட ரோட்டர்டாம் அளவுகோல் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம். மூன்றில் இரண்டு இருந்தால் போதும். முதல் இரண்டும் தெளிவாக இருந்தால் ஸ்கேன் இல்லாமலேயே மருத்துவர் முடிவு செய்யலாம். 2023இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது.

பள்ளி, கல்லூரி மாணவிகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வயதுக்கு வந்த முதல் 8 ஆண்டுகளில் பிசிஓஎஸ்ஸை உறுதிசெய்ய ஸ்கேனை நம்ப வேண்டாம் என்பதே பரிந்துரை. அந்த வயதில் நன்றாக இருக்கும் சினைப்பையிலும் நிறைய பைகள் தெரியும்.

அதே நேரம், தைராய்டு கோளாறு, புரோலாக்டின் ஹார்மோன் மிகுதி போன்றவை இதே அறிகுறிகளைக் காட்டலாம். அவை இல்லை என்பதை ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சில மாதங்களிலேயே குரல் தடித்து, முடி வேகமாக வளர்ந்தால் அது வேறு பிரச்சினையாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

மலையிலேயே பார்க்கக்கூடியவை எவை?

முதல் கருவி, சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். பால் கணக்கு எழுதும் அதே இடத்தில் பீரியட்ஸ் தேதியையும் வட்டமிடலாம். வயதுக்கு வந்து 3 ஆண்டுகள் கடந்த பிறகும் சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு அதிகமாகவோ இருந்தால், அல்லது ஆண்டுக்கு 8 முறைக்கும் குறைவாக வந்தால், அது ஒழுங்கற்ற மாதவிடாய்.

இரண்டாவது, சர்க்கரை. பிசிஓஎஸ் உள்ளவருக்கு டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். எடை எவ்வளவாக இருந்தாலும், பிசிஓஎஸ் உறுதியானதும் ஒருமுறை, பிறகு 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். குளுக்கோஸ் கரைசல் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனைதான் துல்லியமானது.

மூன்றாவது, ரத்த அழுத்தம், ஆண்டுக்கு ஒருமுறையாவது. நான்காவது, இடுப்புச் சுற்றளவு. இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.யைத் தாண்டினால் கவனம் தேவை. கொழுப்பு அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைக்காக வீடு தேடி வருகிறார்கள். பாட்டிக்கு மட்டும் பார்த்து அனுப்பாமல், வீட்டில் பிசிஓஎஸ் உள்ள பெண் இருப்பதையும் அவர்களிடம் சொல்லலாம்.

‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’ – உண்மையா?

இல்லை. கல்யாணம் ஹார்மோனை மாற்றாது. இந்தப் பேச்சால் வரும் ஆபத்து, கல்யாணம் வரை சிகிச்சை தள்ளிப்போவதுதான்.

பீரியட்ஸ் மாதக்கணக்கில் வராமல் இருந்தால் கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும். பயப்படும் அளவுக்குப் பெரிய எண்ணிக்கை அல்ல, ஆனால் தடுக்கக்கூடியது. 90 நாட்களுக்கு மேல் பீரியட்ஸ் வரவில்லை என்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘வராட்டி நிம்மதிதான்’ என்று விட்டுவிடக் கூடாது.

‘குழந்தையே பிறக்காது’ என்பதும் தவறு. பிசிஓஎஸ் உள்ள பெரும்பாலான பெண்கள் இயல்பாகவோ மருந்தின் துணையுடனோ தாயாகிறார்கள். முட்டை வெளிவர உதவும் லெட்ரோசோல் மாத்திரைக்குத்தான் இப்போது முதலிடம். இந்தப் பயன்பாட்டுக்கு இந்தியாவில் 2011இல் தடை விதிக்கப்பட்டு, 2017இல் நீக்கப்பட்டது.

சிகிச்சை என்ன?

முழுதாகக் குணமாக்கும் ஒரே மருந்து கிடையாது. ஆனால் கட்டுக்குள் வைக்க முடியும். பீரியட்ஸை ஒழுங்குபடுத்தவும், முடி வளர்ச்சி, பருவைக் குறைக்கவும் ஹார்மோன் மாத்திரைகள் உண்டு. ‘கருத்தடை மாத்திரையை கல்யாணமாகாத பொண்ணுக்கு எப்படிக் கொடுக்கலாம்?’ என்று வீட்டில் தயங்குவார்கள். அங்கே அது ஹார்மோன் மருந்து, அவ்வளவுதான். இன்சுலின் பிரச்சினைக்கு மெட்ஃபார்மின் தரப்படும். எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தோழி சாப்பிடும் மாத்திரையை வாங்கிச் சாப்பிடக் கூடாது.

சாப்பாட்டில் பிசிஓஎஸ்ஸுக்கென்று தனி ‘டயட்’ எதுவும் நிரூபிக்கப்படவில்லை. மலையில் விளையும் சாமையும் கேழ்வரகும் நல்லவைதான். அதற்காகத் தட்டு நிறைய என்று அர்த்தமில்லை. கூடவே பயறும் காய்கறியும் சேர வேண்டும். நாற்காலி வேலையில் இருப்பவர் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேர்க்கும்படி நடக்கலாம். எடை அதிகமுள்ளவர் கொஞ்சம் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது.

மனசையும் பார்க்கணும்

மாதாமாதம் பார்லரில் தாடையைக் காட்டி நிற்பது, விசேஷ வீட்டில் ‘என்ன இப்படி குண்டாயிட்ட’ என்று கேட்பது, பெண் பார்க்க வரும்போது ரிப்போர்ட்டை ஒளிப்பது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் காணப்படுவதால், அதையும் விசாரித்துப் பார்க்கச் சொல்கிறது 2023 வழிகாட்டுதல். பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இலவசமாக அழைக்கலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டுடன் 6 மாத பீரியட்ஸ் தேதிகளையும் எடுத்துப் போங்கள். கூடவே ஒரு கேள்வி: ‘எனக்குச் சர்க்கரை டெஸ்ட் எடுத்தாச்சா, டாக்டர்?’