'இண்டாலியம்' வடைச்சட்டி... உண்மையில் அது என்ன உலோகம்?

பனியனுக்குப் பெயர்போன திருப்பூரில், பாத்திரத்துக்கென்றே ஓர் ஊர் உண்டு: அனுப்பர்பாளையம். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று தலைமுறைகளாகப் பாத்திரத் தொழில் நடக்கும் இடம். அங்கே போனாலும் சரி, உங்கள் ஊர்ச் சந்தைக்குப் போனாலும் சரி, கனமான அலுமினியச் சட்டியை நாம் கேட்பது 'இண்டாலியம்' என்றுதான்.

இன்றைய ஹிண்டால்கோ நிறுவனம், இந்துஸ்தான் அலுமினியம் கார்ப்பரேஷனாக இருந்தபோது தன் பாத்திரத் தகடுக்கு வைத்த வியாபாரப் பெயர் ஹிண்டாலியம். மெக்னீசியம், மாங்கனீசு போன்றவை கலந்த அலுமினியம் அது. பிறகு யார் செய்தாலும், எதைக் கலந்தாலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சிக்கலே இங்கேதான்.

சுத்த அலுமினியம் மென்மையானது, எளிதில் நசுங்கும். ஒரு சதவிகிதத்துக்குச் சற்று மேல் மாங்கனீசு கலந்தால் '3003' என்ற வகை. உறுதி கூடும், எளிதில் அரிக்காது. பாத்திரத்துக்கு ஏற்றது. மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்த '6063' ஜன்னல் சட்டமாகிறது. துத்தநாகம் கலந்த '7075' விமானத்துக்குப் போகிறது. இன்ஜின் பாகங்களை வார்க்கும் 'ஏடிசி 12'-ல் சிலிக்கானும் செம்பும் அதிகம். உருக்கினால் அச்சுக்குள் சுலபமாக ஓடும், ஆனால் அது சமையலுக்கானது அல்ல.

பழைய ஜன்னல், இன்ஜின் பாகம் என எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கிச் சட்டி வார்த்தால், கூடவே காரீயமும் வந்துவிடலாம். (ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம்; அது வேறு.) புளி, தக்காளியின் அமிலம் காரீயத்தை உணவுக்குள் இழுக்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ, இறக்குமதியாகும் சில சமையல் பாத்திரங்களில் காரீயம் கசிவதாக எச்சரித்தபோது, ஹிண்டாலியம் என்ற பெயரையும் குறிப்பிட்டது.

பார்வையிலோ தட்டிப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. முத்திரையோடு இருக்கும் 'சிஎம்/எல்' எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால், உரிமம் யாருடையது, இப்போது செல்லுமா என்று தெரிந்துவிடும். எடைக்குப் போட்டு விற்கும் பெயரில்லாச் சட்டியில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், புளிக்குழம்புக்கு மண்சட்டியோ எவர்சில்வரோ எடுத்துக்கொள்ளுங்கள்.