மெயில் ஏன் சுத்திக்கிட்டே இருக்கு? பழநி அடிவாரத்தில் ஒரு விடை!

காலை 9.30 மணி. ஆபீஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்து மெயிலைத் திறக்கிறார்கள். திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது. டீ வந்து, ஆறியும் போய்விடுகிறது. ‘நெட் ஸ்லோ’ என்று ஒருவர் சொல்ல, ‘சர்வரையே மாத்தணும் சார், சில லட்சம் ஆகும்’ என்கிறார் சர்வீஸுக்கு வந்தவர்.

காசை எடுத்து வைக்கும் முன்பு ஒரு நிமிடம், தைப்பூச நேரத்துப் பழநியை நினைத்துப் பாருங்கள்.

படி ஏறி, சாமி கும்பிட்டு முடித்த கூட்டம் அப்படியே பஞ்சாமிர்த ஸ்டாலுக்குத்தான் வரும். ஒவ்வொருவர் கேட்கும்போதும் ஓர் ஆள் தயாரிப்புக்கூடத்துக்கு ஓடிப்போய் ஒரே ஒரு டப்பா எடுத்து வந்தால் என்ன ஆகும்? வரிசை ரோப் கார் வரைக்கும் நீளும்! அதனால்தான் அதிகம் கேட்கப்படுவதை ஸ்டாலிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். சரக்கு முழுக்க குடோனில். கை நீட்டினால் கிடைக்க வேண்டியது மட்டும் ஸ்டாலில். கம்ப்யூட்டர் பாஷையில் இந்த ஸ்டாலுக்குப் பெயர் ‘கேஷ்’. (கல்லாப்பெட்டி கேஷ் அல்ல. ‘ஒளித்து வை’ என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.)

மெயில் சர்வரின் குடோன், ஹார்டு டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. கேட்கும் வேகம்தான். ஆனால், வேண்டிய இடம் ஊசிமுனைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கே 4 மில்லி செகண்டுக்கு மேல். ஊசியைத் தாங்கும் கை நகர்ந்து வர இன்னுமொரு 8 மில்லி செகண்டு. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் ஒரு டிஸ்க் ஒரு நொடியில் 80 கோரிக்கைகளைத்தான் முடிக்கும்.

மெயில் என்பதே அங்கொன்றும் இங்கொன்றும்தான். இன்பாக்ஸைத் திறந்தாலே யார் அனுப்பியது, என்ன தலைப்பு, படித்தாயிற்றா என்று குட்டிக் குட்டியாக நிறைய விசாரிக்கும். ஆளுக்கு 40 கோரிக்கை, 300 ஊழியர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,000. ஒற்றை டிஸ்க் என்றால் இரண்டரை நிமிடம். டீ ஆறியதற்குக் காரணம் புரிகிறதா?

ஃப்ளாஷ் மெமரியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. உங்கள் கையிலிருக்கும் போனில் போட்டோக்களைச் சேர்த்து வைப்பதும் இதே சங்கதிதான். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984-ல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. டிஸ்க் 80 கோரிக்கைகளை முடிக்கும் அந்த ஒரு நொடியில் இது பல்லாயிரம் கோரிக்கைகளை முடித்துவிடும். ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை அதிகம். எல்லா மெயிலையும் இதில் கொட்டினால் பட்ஜெட் தாங்காது. அதனால்தான் அடிக்கடி தொடப்படுவதன் பிரதியை மட்டும் ஃப்ளாஷில் வைக்கும் உத்தி.

பெரிய நிறுவனங்கள் பல பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2019 பதிப்பில் இந்த வசதி உள்ளேயே வருகிறது. மெயில் பெட்டியின் அட்டவணைகள், சிறிய மெயில்கள் ஆகியவற்றின் பிரதி எஸ்.எஸ்.டி-யில் இருக்கும், பெரிய அட்டாச்மென்ட்கள் டிஸ்க்கிலேயே கிடக்கும். டிஸ்க்குகளின் மொத்தக் கொள்ளளவில் 5 முதல் 10 சதவிகிதம் எஸ்.எஸ்.டி இருந்தாலே போதும் என்பது அவர்களின் பரிந்துரை. லினக்ஸ்காரர்களுக்குக் காசே வேண்டாம். ‘பிகேஷ்’ என்ற மென்பொருள் 2013-லேயே லினக்ஸோடு சேர்ந்துவிட்டது.

அப்படியென்றால் எல்லா இடத்துக்கும் இதுதான் மருந்தா? இல்லை. அதைப் புரிந்துகொள்ள பழநியிலிருந்து மலை ஏறி கொடைக்கானல் போக வேண்டும்.

கண்ணாடியில் சூரியன்

கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்த பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அதன் தொடர்ச்சியாக 1899-ல் உருவானது இது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்ததும் இங்கேதான். 1904-லிருந்து சூரியனைப் படம் பிடித்து கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நூறு ஆண்டைத் தாண்டிய சூரிய ஆல்பம்! உலகிலேயே இப்படிப்பட்ட தொகுப்புகள் அபூர்வம்.

அந்தத் தகடுகளை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக்கியிருக்கிறது. ஒரு படத்துக்கு நீளவாக்கில் 4,096, அகலவாக்கில் 4,096 புள்ளிகள். சுமார் 32 எம்.பி. நாளுக்கு ஒரு படம் என்று கணக்குப் போட்டாலே நூறு ஆண்டுக்கு 1 டி.பி-யைத் தாண்டும். (மூடுபனி நாட்களில் சூரியன் முகம் காட்டாது என்பது வேறு கதை.)

நூறாண்டு சூரியப் புள்ளிகளை எண்ண நினைக்கும் ஆய்வு மாணவி, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை வரிசையாக, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை படிப்பார். திரும்பக் கேட்கப்படாத சரக்கை ஸ்டாலில் அடுக்கி என்ன லாபம்? இருக்கிற நல்ல சரக்கையும் அது வெளியே தள்ளிவிடும். வரிசையாகப் படிப்பதில் பழைய டிஸ்க் ஒன்றும் சளைத்ததல்ல. நொடிக்கு 150 எம்.பி என்றாலும் இரண்டேகால் மணி நேரத்துக்குள் மொத்தத்தையும் முடித்துவிடும். அதனால் நீண்ட வரிசை வாசிப்பைக் கண்டால் கேஷைத் தொடாமலே விட்டுவிடும்படி பிகேஷ் போன்ற மென்பொருள்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ராத்திரி ஓடும் பேக்கப் வேலைக்கும் இதே நியாயம்தான்.

கரன்ட் போனால்?

வேகம் மட்டும் பார்த்தால் ஒரு வம்பும் உண்டு. புது மெயில் வரும்போது டிஸ்க்கிலும் எழுதி முடித்த பிறகே ‘வந்துவிட்டது’ என்று சொல்வது ஒரு முறை. இதில் வேகம் கொஞ்சம் குறைவு, பயம் இல்லை. ஃப்ளாஷில் மட்டும் எழுதிவிட்டு ‘ஆச்சு’ என்று சொல்லி, டிஸ்க்குக்குப் பிறகு மெதுவாக மாற்றுவது இன்னொரு முறை. வேகம் பிரமாதம்தான். ஆனால், மாற்றும் முன் அந்த ஃப்ளாஷ் பழுதானால் அதிலிருந்த மெயில் போனது போனதுதான். கரன்ட் போகும்போது எழுதிக்கொண்டிருந்ததைக் காப்பாற்றும் வசதி, விலை குறைந்த எஸ்.எஸ்.டி பலவற்றில் கிடையாது. காற்று மழையில் மரம் விழுந்து லைன் அறுந்துபோகும் மலையூரில் இது சின்ன விஷயமா? போதாக்குறைக்கு, ஃப்ளாஷ் செல்லுக்கு எழுதி அழிக்க இத்தனை தடவைதான் என்ற ஆயுசுக் கணக்கும் உண்டு.

நானாக இருந்தால் முதல் முறையைத்தான் தேர்ந்தெடுப்பேன். மெயில் அரை நொடி தாமதமாக வரலாம். டெண்டர் மெயில் காணாமல் போகக் கூடாது.

அந்த சர்வீஸ்காரர் அடுத்த முறை வரும்போது மூன்று விஷயம் கேளுங்கள். தாமதம் டிஸ்க்கிலா, இல்லை இன்டர்நெட் லைனிலா என்று அளந்து பார்த்தாரா? (மெயில் வெளியூர் கிளவுடில் இருந்தால் உங்கள் சர்வரில் எஸ்.எஸ்.டி போட்டுப் பிரயோஜனம் இல்லை.) சர்வர் முழுவதையும் மாற்றாமல் ஒரு எஸ்.எஸ்.டி மட்டும் சேர்த்தால் எவ்வளவு ஆகும்? எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் அந்த மெயில் எங்கே இருக்கும்?

மூன்றாவது கேள்விக்குத் தலையைச் சொறிந்தால், வேறு ஆளைப் பாருங்கள்.