டமோக்சிபன் மாத்திரையும் ஒரு டின் ஸ்டௌட்டும்

மாணவர்களே, பிள்ளை பெற்ற வீட்டில் உடம்புக்குத் தெம்பு வரட்டும் என்று பிராந்தி கலந்த மருந்து கொடுப்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். இரத்தம் ஊறும் என்று ஸ்டௌட் கொடுப்பார்கள். பசி எடுக்கும் என்று டானிக் ஒயின் கொடுப்பார்கள். எங்கள் அம்பாங் வட்டாரத்திலும் இப்படிப்பட்ட பாட்டில்கள் வீட்டு அலமாரியில் இருமல் மருந்துக்குப் பக்கத்தில் நிற்பதுண்டு. அவற்றிலிருந்து அரை கிளாஸ் குடிக்கும் பாட்டி தன்னை மது அருந்துபவர் என்று எண்ணவே மாட்டார்.

மது என்றால் நம் சமூகத்துக்கு ஆண்களின் நினைவுதான் வரும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. ஆனால், பெண்களுக்கு ‘மருந்தாக’ ஊற்றப்படும் அரை கிளாஸை நாம் இன்றுவரை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. இந்த வாரம் சேர்த்துப் பார்ப்போம்.

காரணம் இருக்கிறது. மலேசியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களில் பலர் அதன்பின் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை தினமும் ஒரு சிறு மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதன் பெயர் பெரும்பாலும் டமோக்சிபன். இந்த மாத்திரை சாப்பிடும்போது ஸ்டௌட்டோ ஒயினோ குடிக்கலாமா? பலர் வெட்கப்பட்டுக்கொண்டு இதை மருத்துவரிடம் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் மாத்திரையின் வேலையைப் பார்ப்போம். நொதிகளைப் பற்றிய பாடத்தில் பூட்டு-சாவி உவமையைப் படித்திருப்பீர்கள். அதே உவமை இங்கும் உதவும். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஒரு சாவி. மார்பகச் செல்லுக்குள் இருக்கும் ஏற்பி பூட்டு. சாவி பூட்டில் பொருந்தியதும் செல்லுக்கு ‘வளர்ந்து பெருகு’ என்ற கட்டளை கிடைக்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் பத்துக்கு ஏழு இப்படி ஹார்மோனை நம்பி வளர்பவை.

இந்த உண்மைக்கு முதல் தடயம் கிடைத்தபோது ஈஸ்ட்ரோஜன் என்ற பொருளே கண்டுபிடிக்கப்படவில்லை. ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், சூலகங்களை அகற்றினால் சில பெண்களுக்கு முற்றிய மார்பகக் கட்டியும் சுருங்குவதை 1896-இல் எழுதி வெளியிட்டார். பசுவின் சூலகத்துக்கும் பால் சுரப்புக்கும் தொடர்பு உண்டு என்ற பண்ணைக்காரர்களின் அனுபவம்தான் அவரை அந்த வழியில் சிந்திக்க வைத்தது. அவர் பிறந்த ஊர் நமக்குத் தெரிந்ததுதான்: இலங்கையின் திருகோணமலை.

டமோக்சிபனின் கதையும் சுவையானது. 1962-இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர் அதை முதலில் தயாரித்தார். கருத்தடை மருந்து தேடிய முயற்சியில் பிறந்த பொருள் அது. அந்த வேலைக்கு அது உதவவில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜனின் பூட்டில் போய் அடைத்துக்கொள்ளும் போலிச் சாவியாக அது இருந்தது. பூட்டுக்குள் நுழையும், ஆனால் மார்பகச் செல்லில் பூட்டைத் திறக்காது. உண்மைச் சாவிக்கு இடமும் இராது. ஹார்மோனை நம்பி வளரும் வகை நோய் உள்ளவர்கள் ஐந்து ஆண்டுகள் இதைச் சாப்பிட்டால் நோய் திரும்பி வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இவ்வளவு மலிவான ஒரு மாத்திரைக்கு இது பெரிய சாதனை என்பேன்.

மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு வேறொரு வகை மாத்திரையும் உண்டு. அந்த வயதில் சூலகம் ஓய்ந்துவிடும். கொழுப்புத் திசு போன்ற இடங்களில் அரோமட்டேஸ் என்ற நொதிதான் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. அனஸ்ட்ரோசோல், லெட்ரோசோல் ஆகிய மாத்திரைகள் அந்த நொதியை நிறுத்துகின்றன. சாவி செய்யும் பட்டறையையே மூடுவது போன்றது இது.

இப்போது மதுவுக்கு வருவோம். 320 மில்லிலிட்டர் ஸ்டௌட் டின் ஒன்றில் 6 விழுக்காடு ஆல்கஹால் என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 320-இல் 6 விழுக்காடு 19.2 மில்லிலிட்டர். எத்தனாலின் அடர்த்தி 0.79. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 15 கிராம் தூய ஆல்கஹால். டானிக் ஒயின் 15 விழுக்காடு என்றால், 60 மில்லிலிட்டரில் சுமார் 7 கிராம். பாட்டிலின் மேல் ‘டானிக்’ என்று எழுதியிருப்பதைக் கல்லீரல் படிப்பதில்லை.

அந்த 15 கிராம் என்ன செய்யும்? 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை அளந்து பார்த்தது. மாதவிடாய் நின்ற, நலமாக இருந்த 51 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். எட்டு வாரம் ஆல்கஹால் இல்லாத பானம், எட்டு வாரம் தினமும் 15 கிராம், எட்டு வாரம் தினமும் 30 கிராம் என்று ஒவ்வொருவரும் மூன்று கட்டங்களையும் கடந்தார்கள். உணவையும் ஆய்வாளர்களே அளந்து கொடுத்தார்கள். தற்சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். 15 கிராம் குடித்த கட்டத்தில், உடல் ஈஸ்ட்ரோஜனைச் சேமித்து வைக்கும் ஈஸ்ட்ரோன் சல்பேட் இரத்தத்தில் 7.5 விழுக்காடு கூடியிருந்தது. 30 கிராமில் 10.7 விழுக்காடு.

மாத்திரை ஒரு பக்கம் பூட்டை அடைக்கிறது அல்லது பட்டறையை மூடுகிறது. மது மறுபக்கம் சாவிகளைக் கூட்டுகிறது. இதோடு நிற்பதில்லை. எத்தனால் உடலில் அசிட்டால்டிஹைடாக மாறும்போது அது செல்களின் டி.என்.ஏ.வையும் கெடுக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. 53 ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டி 2002-இல் செய்த கணக்கின்படி, தினமும் குடிக்கும் ஆல்கஹால் 10 கிராம் கூடும்போது மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 7 விழுக்காடு உயர்கிறது. நூறு பேரில் ஏழு பேருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளல்ல. ஏற்கெனவே இருக்கும் அபாயம் அதில் 7 விழுக்காடு கூடுகிறது.

ஏற்கெனவே நோய் வந்து குணமானவர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. சிலவற்றில் குடிப்பவர்களுக்கு நோய் திரும்புவது கூடியிருக்கிறது, சிலவற்றில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே, திருமண விருந்தில் அரை கிளாஸ் ஒயின் குடித்துவிட்ட அத்தையைப் பயமுறுத்தாதீர்கள். தினமும் ஊற்றுவதுதான் கவலைக்குரியது.

அன்றாடத் தொல்லைகளும் உண்டு. இந்த மாத்திரைகளால் பலருக்குத் திடீரென்று உடல் கொதித்து வியர்க்கும். இரவுத் தூக்கம் கெடும். மது இரத்த நாளங்களை விரிப்பதால் சிலருக்கு இது இன்னும் மோசமாகிறது. டமோக்சிபன் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கக்கூடியது, மதுவும் அப்படியே. டமோக்சிபன் எண்டோக்சிபன் என்ற வலிய வடிவத்துக்கு மாறுவதும் அதே கல்லீரலில்தான். அனஸ்ட்ரோசோல் வகை மாத்திரைகள் எலும்பைப் பலவீனப்படுத்தும். அதிகம் குடித்தால் எலும்பு இன்னும் தேயும், தடுமாறி விழவும் நேரும்.

என்னைப் பொறுத்தவரை இவற்றையெல்லாம்விட ஆபத்தான பழக்கம் ஒன்று உண்டு. மருந்தும் மதுவும் வயிற்றில் சண்டை போடும் என்று பயந்து, குடித்த நாளில் மாத்திரையை விட்டுவிடுவது. சில மருந்துகள் மதுவோடு சேர்ந்தால் உடனே வாந்தி, படபடப்பு வரும் என்பது மெய்தான். டமோக்சிபன் அந்த வகையல்ல. அதன் அரை ஆயுள் ஐந்து முதல் ஏழு நாள். இன்று மாத்திரையை விட்டாலும் நேற்றுவரை சேர்ந்த மருந்தில் பெரும்பகுதி நாளையும் உடலில் இருக்கும். ஆக, ஒருநாள் மாத்திரையை நிறுத்தி மருந்தையும் மதுவையும் பிரிக்கவே முடியாது. ஒருநாள் விடுபட்டால் பெரிய நட்டமும் இல்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு மூன்று நாள் என்று விட்டால், பூட்டை அடைக்கும் மருந்து தேய்ந்துகொண்டே போகும். நோய் திரும்பும் வாய்ப்பைப் பாதியாக்கும் பயன் அப்படித்தான் கைநழுவுகிறது.

மதுபானப் பாட்டில்களில் ‘மெமினும் அராக் போலே மெம்பஹாயாகான் கெசிஹாத்தான்’ என்ற எச்சரிக்கையைப் பார்த்திருப்பீர்கள். மது குடிப்பது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கலாம் என்று பொருள். 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கவும் கூடாது. நீங்கள் வாங்க முடியாது, ஆனால் வீட்டில் இருப்பதைப் படித்துப் பார்க்கலாம். பாட்டிலின் பெயரையும், ஆல்கஹால் விழுக்காட்டையும், வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு என்பதையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த சந்திப்பு நாளில் மருந்து அட்டையோடு சேர்த்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். மருந்தாளுநரிடம் மலாயில் விளக்கப் பாட்டிக்குத் தயக்கமாக இருந்தால், நீங்கள் கூடவே போய்ச் சொல்லலாம்.