தந்தை வழிச் சுவடு

தடயம் சொல்லும் செய்தி

ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். குற்றம் செய்தவன் ஓடி விடுகிறான். அவனைப் பார்த்த சாட்சி இல்லை. ஆனாலும் அவன் தடயம் விட்டுச் செல்கிறான். அவனுடைய விந்து, எச்சில் அல்லது இரத்தம் அங்கே ஒட்டியிருக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெண்ணின் உடலில் எடுத்த தடயத்தில் அவளுடைய செல்களே பெரும்பாலும் அதிகம் இருக்கும். ஆணின் செல்கள் கொஞ்சமே இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். அப்போது கைகொடுப்பது ஒய் குரோமோசோம்.

ஒய் குரோமோசோம் என்பது என்ன?

நம் உடல் செல்களால் ஆனது. செல்லுக்குள் நூல் போன்ற 46 குரோமோசோம்கள் உள்ளன. பாதி தாய் தந்தவை. பாதி தந்தை தந்தவை. இவற்றுள் ஒய் ஆண்களுக்கு மட்டுமே உண்டு. ஆகவே தடயத்தில் ஒய் இருந்தால் அது ஆணுடையதே.

இதைத் தந்தை மகனுக்குத் தருகிறார். மகன் தன் மகனுக்குத் தருகிறான். அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் ஒரே ஒய்தான். மகளுக்கு இது வருவதில்லை. அதனால் மகள் வயிற்றுப் பேரனுக்கும் தாத்தாவின் ஒய் கிடைக்காது.

எப்படி ஒப்பிடுகிறார்கள்?

சேலைக் கரையில் ஒரே பூ வரிசையாக வரும். அதுபோல ஒய் குரோமோசோமில் சில இடங்களில் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும். ஓர் இடத்தில் ஒரு குடும்பத்துக்கு 14 தடவை வரலாம். வேறு குடும்பத்துக்கு 16 தடவை வரலாம். இப்படிப் பல இடங்களில் எண்ணி, தடயத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

சீனாவில் நடந்தது

சீனாவின் கான்சு மாநிலத்தில் பையின் என்ற நகரம் உள்ளது. 1988 முதல் 2002 வரை அங்கும் வேறொரு நகரிலும் 11 பெண்களும் சிறுமிகளும் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் பல ஆண்டுகள் அகப்படவில்லை. 2016-ஆம் ஆண்டில் வேறொரு வழக்கில் ஒருவர் பிடிபட்டார். அவருடைய ஒய் பழைய தடயத்தோடு ஒத்துப்போனது. ஆனால் கொலைகாரன் அவரல்ல. அவருடைய உறவினன். போலீசார் அந்தக் குடும்பத்து ஆண்களை விசாரித்தார்கள். ஒருவனுடைய கைரேகையும் முழு மரபணுவும் தடயத்தோடு பொருந்தின. அவன் கைதானான். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019-இல் அது நிறைவேறியது.

ஒய் குடும்பத்தைக் காட்டியது. ஆளைக் காட்டியவை கைரேகையும் முழு மரபணுச் சோதனையும்தான்.

அண்ணனா, தம்பியா?

முழு மரபணுச் சோதனை செய்யப் போதிய தடயம் சில வழக்குகளில் கிடைக்காது. அப்போது அண்ணனையும் தம்பியையும் பிரித்தறிவது எப்படி?

ஒய் நகலாகும்போது எப்போதாவது எண்ணிக்கை மாறும். தந்தைக்கு 14 என்றால் ஒரு மகனுக்கு 15 ஆகலாம். 2010-இல் நெதர்லாந்தில் மன்ஃப்ரெட் கைசர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 2000 தந்தை-மகன் ஜோடிகளிடம் 186 இடங்களைப் பார்த்தார்கள். அவற்றில் 13 இடங்கள் மற்றவற்றைவிட வேகமாக மாறுவதைக் கண்டார்கள். இந்த இடங்களைச் சோதித்தால் நெருங்கிய உறவினர்களையும் பல நேரங்களில் பிரித்தறியலாம். எல்லா நேரத்திலும் முடியாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

ஒய் பொருந்தவில்லை என்றால், அந்தத் தடயம் அவருடையது அல்ல என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வீண்பழியிலிருந்து ஒருவர் தப்பலாம்.

ஒய் பொருந்தினால் அது மட்டும் போதாது. அதே ஒய் அவருடைய தம்பிக்கும் இருக்கலாம். பல தலைமுறைக்கு முன் பிரிந்துபோன பங்காளிக்கும் இருக்கலாம். வேறு சாட்சியமும் வேண்டும்.

குடும்பம் ஒன்று என்பதால் குற்றமும் எல்லோருக்கும் உரியது ஆகாது. செய்தவன் யார் என்று கண்டறிவதே நீதி.