முப்பது பவுன் முதலாளி

மாதம் பிறந்ததும் மளிகைப் பட்டியலை வைத்துக்கொண்டு, "துவரம் பருப்பில் குறைக்கலாமா, காப்பிப் பொடியில் குறைக்கலாமா?" என்று கணக்குப் போடாத இல்லத்தரசி உண்டா? நம் ஊரில் மட்டுமல்ல, எந்தத் தேசத்துக்குப் போனாலும் இந்தக் கணக்கு இருக்கிறது. இதை நன்றாகப் புரிந்துகொண்டதனாலேயே பெரும் பணக்காரரானார், லண்டன்வாசி ஒருவர். அவர் பெயர் ஜாக் கோஹன்.

போலந்து, ருஷ்யா முதலிய தேசங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம் கிழக்கு லண்டன். போலந்திலிருந்து வந்த யூதத் தையற்காரர் ஒருவரின் மகனாக, 1898-ல் பிறந்தார் கோஹன். தகப்பனாரிடமே தொழில் பழகினார். ஆனால் மனம் என்னவோ அதில் ஒட்டவில்லை.

முதல் உலக யுத்தத்தின்போது, 1917-ல், விமானப் படையில் சேர்ந்தார். அங்கேயும் ஊசியும் நூலும் அவரை விடவில்லை! விமானங்களுக்கும் பலூன்களுக்கும் கான்வாஸ் துணி தைக்கும் வேலைதான் கிடைத்தது. எகிப்து, பாலஸ்தீனம் என்று கடல் கடந்து போனார். அலெக்ஸாண்டிரியாவுக்கு அருகில் அவர் சென்ற கப்பல் மூழ்கியது. கோஹன் உயிர் தப்பினார்.

1919-ல் ஊர் திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை. கையில் இருந்ததெல்லாம் ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த முப்பது பவுன். வேறொருவராயிருந்தால் அதை வைத்துக்கொண்டு நாலு மாதம் காலம் தள்ளியிருப்பார். கோஹன் என்ன செய்தார், தெரியுமா? யுத்தம் முடிந்ததால் மிஞ்சிப் போன ராணுவத்து உணவுப் பண்டங்களை மலிவாக வாங்கினார். ஹாக்னியில் வெல் தெருச் சந்தையில் கடை பரப்பினார். முதல் நாள் விற்பனை நாலு பவுன். லாபம் ஒரு பவுன்!

1924 அவருக்கு இரட்டை யோகம். அவ்வாண்டு ஸிஸி என்ற பெண்ணை மணந்தார். கல்யாணத்தில் வந்த மொய்ப் பணம் நகையாகவோ பட்டாகவோ மாறவில்லை. தம்பதிகள் இருவர் பெயரிலும் பாங்குக் கணக்காக மாறி, வியாபாரத்துக்கு முதலாயிற்று. அதே ஆண்டில், ஸ்டாக்வெல் என்ற தேயிலை வியாபாரியிடம் சரக்கு எடுத்தார் கோஹன். அவருடைய முழுப் பெயரின் தலைப்பெழுத்துக்கள் மூன்றோடு, தம் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களைச் சேர்த்தார். 'டெஸ்கோ' பிறந்தது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சந்தையில் நின்ற பிறகே பர்ன்ட் ஓக் என்ற இடத்தில் டெஸ்கோ பெயரில் கடை எழுந்தது. குவித்து வை, மலிவாக விற்றுத் தள்ளு என்பதுதான் கோஹனின் மந்திரம். உட்கார்ந்துகொண்டே வியாபாரம் செய்ய முடியாது என்பதையும் கொஞ்சம் கொச்சையாகவே சொல்லுவார்.

ஆனால் மலிவாக விற்பது அவ்வளவு சுலபமல்ல. அந்நாளில் பல பண்டங்களுக்கு உற்பத்தியாளரே விலை விதித்தார். அதற்குக் கீழே விற்ற கடைக்காரருக்குச் சரக்கு நின்றுவிடும். விலையைக் குறைக்க முடியாத கோஹன், குறுக்கு வழி ஒன்று கண்டார். 1963-ல் சாமான் வாங்கியவர்களுக்குப் பச்சை நிற முத்திரைத் தாள்களைக் கொடுத்தார். அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் வீட்டுக்கு வேண்டிய பொருள் ஏதாவது கிடைக்கும். விலை குறையவில்லை; ஆனால் வாங்கியவளுக்கு லாபம்! மறு ஆண்டே, அந்த விலைக் கட்டுப்பாட்டை உடைக்கும் சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது.

1969-ல் 'ஸர்' பட்டம் வந்தது. அவருக்கு இரண்டு பெண்கள். மருமகன்மார் இருவரும் அடுத்தடுத்துக் கம்பெனித் தலைவர்களானார்கள். 1977-ல் நிர்வாகிகள் ஒரு தீர்மானம் செய்தார்கள்: முத்திரையை நிறுத்திவிட்டு, அந்தச் செலவை மிச்சப்படுத்தி விலையையே குறைத்துவிடுவது. கிழவருக்குச் சம்மதமில்லை, ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. கடைகளில் கூட்டம் தாங்கவில்லை!

1979-ல் கோஹன் காலமானார். டெஸ்கோ இன்று பிரிட்டனிலேயே மிகப் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம். அந்தக் கடைசி வாக்குவாதத்தில் தோற்றது கோஹன்தான். ஆனால் அவரை ஜெயித்தது எது என்று யோசித்துப் பாருங்கள். சந்தையில் கூவி விற்ற காலத்தில் அவரே பிடித்துக்கொண்ட மந்திரமல்லவா அது? இல்லத்தரசிக்கு எத்தனை இனாம் கொடுத்தாலும், கையில் மிஞ்சும் நாலு காசுக்கு அது ஈடாகுமா?